தேயிலை மலையில் சைக்கிள் தடம்: மலையகத்தில் ஒரு தட மையத்தைத் திட்டமிடும் முழு வழிகாட்டி

இலங்கை மலையகத்தில் சைக்கிள் ஓட்ட இடத்துக்கா பஞ்சம், தோட்டப் பாதைகளே போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நாலு நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமை ஓட்டுவதற்குப் போதும்தான். ஆனால் ஐம்பது பேர் வந்து இறங்கினால்? கொழுந்துச் சாக்கோடு எதிரே வருகிற அக்கா எங்கே ஒதுங்குவார்? ஒரு மழைக்குப் பிறகு அந்தப் பாதை என்னவாகும்? இந்தக் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் தேடி வைத்துக்கொண்டு கட்டுவதுதான் தட மையம். சைக்கிளுக்கென்றே வெட்டிய சில தடங்கள், ஒவ்வொன்றும் எவ்வளவு கடினம் என்று சொல்லும் நிறக் குறி, எல்லாத் தடங்களும் வந்து சேர ஓர் இடம். அந்த இடத்தில் வாகனத் தரிப்பு, கழிவறை, சைக்கிள் திருத்தும் கொட்டகை, ஒரு தேநீர்க்கடை.

வேல்ஸில் கோயிட் இ பிரெனின் என்ற காட்டில் 1990களில் வேர்விட்ட யோசனை இது. பிறகு தென் ஸ்கொட்லாந்தில் ஏழு மையங்கள் ஒரே பெயரின் கீழ் வந்தன. நியூசிலாந்தில் ரொட்டோருவா நகருக்குப் பக்கத்தில், மரம் வெட்டி விற்கிற காட்டுக்குள்ளேயே தடங்கள் ஓடுகின்றன. அவர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஆனால் அவை பெரும்பாலும் ஆள் குடியில்லாத வெட்டுமரக் காடுகள். இங்கே ஒவ்வொரு தேயிலை மலைக்கும் தோட்டத்தில் ஓர் இலக்கம் உண்டு, ஓடைக்கு ஒரு பீலி (ஆட்கள் தண்ணீர் பிடிக்கிற இடம்) உண்டு, பீலிக்குக் கீழே ஒரு லயம் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) உண்டு. அதனால் அங்கிருந்து வரைபடத்தை அப்படியே கொண்டுவந்து இங்கே விரிக்க முடியாது.

நாங்கள் செய்த முதல் தடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பல வருடங்களுக்கு முன், ஒரு பெப்ரவரி வெயிலில், ஹற்றன் பக்கத்தில் நண்பர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து யூகலிப்டஸ் காட்டுக்குள் மேலிருந்து கீழே கிட்டத்தட்ட நேராக ஒரு தடம் இறக்கினோம். இரண்டு மாதம் சந்தோஷமாக ஓட்டினோம். ஜூனில் மழை பிடித்தது. மூன்றே வாரத்தில் தடம் முழங்கால் ஆழக் கானாக, அதாவது தண்ணீர் ஓடுகிற வாய்க்காலாக, மாறிவிட்டது. கீழே பீலியடியில் ஒரு அக்கா குடத்தைச் சாய்த்துக் காட்டினார். தண்ணீர் பிளேன்டி நிறத்தில் இருந்தது, அடியில் ஒரு விரற்கடை மண். “தம்பி, மேல நீங்க வெட்டினதெல்லாம் எங்க குடத்துக்குள்ளதான் வந்து கெடக்கு” என்றார். அடுத்த இரண்டு மாதம் அந்தத் தடத்தை மூடிக் கல் அடுக்கினோம். இந்த வழிகாட்டியில் இருக்கிற ஒழுங்கு அந்தப் பீலியடியில் கற்றது: தடத்துக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்பதிலிருந்துதான் எல்லாம் தொடங்க வேண்டும்.

முதல் படி: மழையில் நடங்கள்

செயற்கைக்கோள் படத்தில் கோடு போடுவதற்கு முன், குறைந்தது ஒரு மழைக்காலம் முழுக்க அந்த மலையில் நடக்க வேண்டும். குடை, கம்பூட்ஸ், அட்டைக்குக் கொஞ்சம் உப்போ சவர்க்காரமோ. மழை பெய்துகொண்டிருக்கும்போதே தண்ணீர் எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது, எங்கே மண்ணுக்குள் மறைந்து எங்கே திரும்ப வெளிவருகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாக் கான்களையும், ஊற்றுகளையும், ஊற்றிலிருந்து லயத்துக்கு இறங்குகிற கறுப்புத் தண்ணீர்க் குழாய்களையும் ஒரு படத்தில் ஏற்றுங்கள். அந்தப் படம் கையில் இல்லாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

தனியாக நடக்க வேண்டாம். தோட்டத்தில் கான் வெட்டிப் பழகிய ஒருவரைச் சம்பளம் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போங்கள். எங்களோடு வந்தவர் அலவாங்கை ஒரு முழம் இறக்கி, ஆட்டி எடுத்துவிட்டு, துளையையே பார்த்துக்கொண்டு நின்றார். சிறிது நேரத்தில் துளையில் தண்ணீர் ஊறி மேலே வந்தது. “இதுல கை வைக்காதீங்க, மழை விட்டு ரெண்டு நாளானாலும் இது காயாது” என்றார். நாங்கள் திருப்பம் போட நினைத்திருந்த இடம் அது. இரண்டு அடி தள்ளியல்ல, நாற்பது மீற்றர் தள்ளி வேறு இடம் பார்த்தோம்.

இந்த நடையில் மண்சரிவின் அடையாளங்களையும் தேடுங்கள். தரையில் பிறை வடிவ வெடிப்பு, ஒரே பக்கமாகச் சாய்ந்த மரங்கள், புதிதாகக் கிளம்பிய ஊற்று, திடீரென்று கலங்கிய தண்ணீர், சுவரில் விரிசல், மூட மறுக்கிற கதவு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு மனிதர்களை மண் மூடியதை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் தித்வா புயல் மழையில் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் எத்தனையோ மலைகள் சரிந்தன. ஒரு சைக்கிள் தடம் தனியாக மலையைச் சரிக்காமல் இருக்கலாம். ஆனால் பிழையான இடத்தில் தண்ணீரைத் திருப்பி வெடிப்புக்குள் விட்டால், சரிவுக்கு நாமும் கை கொடுத்தவர்களாவோம்.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வலய வரைபடங்களைத் தயாரித்து வைத்திருக்கிறது. உங்கள் மலை அதில் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அபாயம் கூடிய வலயம் என்றால் அந்த மலையை விட்டுவிடுங்கள். நடுத்தரம் என்றால் அவர்களிடம் மதிப்பீட்டு அறிக்கை பெற்ற பிறகே மண்வெட்டியைத் தூக்குங்கள்.

இரண்டாம் படி: எந்தப் பக்கத்து மலை, எந்த மாதம்

மலையகத்துக்கு ஒரே மழைக்காலம் இல்லை. ஹற்றன், மஸ்கெலியா, நோர்வூட், தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் நனையும். பதுளை, பசறை, ஊவாப் பக்கம் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. ஒக்டோபர், நவம்பரில் எல்லாப் பக்கமும் மழைதான்.

தேயிலைக்காரர்கள் இதை நன்றாக அறிவார்கள். மேற்குச் சரிவில் ஜனவரி முதல் மார்ச் வரையும், ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரையும் காய்ந்த காற்று அடிக்கும்போதுதான் வாசனை கூடிய தேயிலை கிடைக்கும். அந்தக் காய்ந்த காற்றுதான் தடத்தையும் இறுக்கிக் காயவைக்கிறது. ஆக, உங்கள் பகுதியில் நல்ல தேயிலை வருகிற மாதங்களே நல்ல தடத்துக்கும் மாதங்கள். மற்ற மாதங்களில் மூடி வைக்கத் தயாராக இருங்கள். வருடம் 12 மாதமும் வருமானம் வரும் என்று எழுதிய திட்ட அறிக்கையை நான் நம்ப மாட்டேன்.

இங்கே ஒரு சின்ன உதவி: பல தோட்ட அலுவலகங்களில் தினசரி மழை அளவை ஒரு கொப்பியில் எழுதி வருகிறார்கள். கேட்டால் பார்க்கத் தருவார்கள். பத்து வருடக் கணக்கை மாத வாரியாகக் கூட்டிப் பாருங்கள், எப்போது திறப்பது எப்போது மூடுவது என்பது தெளிவாகிவிடும்.

மூன்றாம் படி: நிலமும் கடதாசியும்

தோட்டக் காணி பெரும்பாலும் அரசுடையது. 1970களில் தேசியமயமாகி, 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்கு நிர்வாகம் போனது. கம்பனியிடம் இருப்பது குத்தகை. அதனால் தொரை (தோட்ட முகாமையாளர்) வாயால் சொன்ன சம்மதத்தை நம்பி வேலை தொடங்காதீர்கள். தொரை மாறினால் சம்மதமும் மாறும். கம்பனித் தலைமையகத்தின் எழுத்து மூல அனுமதி வேண்டும், காணியை உடைய அரசு நிறுவனத்தின் அனுமதியும் வேண்டும்.

அப்புறம் பிரதேச செயலகம், பிரதேச சபை, மத்திய சுற்றாடல் அதிகாரசபை. மண் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அரிப்புக்குள்ளாகும் பகுதி என்று அறிவித்த இடமானால், 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டப்படி சூழல் மதிப்பீடு கேட்கலாம். தேசிய ஒதுக்கு ஒன்றின் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் எந்த அபிவிருத்தி வேலைக்கும் வனசீவராசிகள் திணைக்களத்தின் முன் அனுமதி வேண்டும்.

சிவனொளிபாதமலைப் பாதுகாக்கப்பட்ட பகுதி, ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ் ஆகிய மூன்றும் சேர்ந்து 2010இல் உலக மரபுரிமையானவை. அவற்றுக்குள் தடம் போடுகிற எண்ணமே வேண்டாம். அங்கே கடதாசி கிடைத்தாலும் நான் போடமாட்டேன்.

பொருத்தமான இடம் என்று நான் சொல்வது வேறு: முதிர்ந்த யூகலிப்டஸ், பைனஸ் தோப்புகள், கைவிட்டு மானாப்புல் ஏறிக் கிடக்கிற பழைய தேயிலை மலைகள், பயன்படாமல் போன தோட்ட வண்டிப் பாதைகள். கொழுந்து பறிக்கிற மலைக்குள் புதிதாக ஒரு மீற்றர்கூட வெட்டத் தேவையில்லை.

நான்காம் படி: ஊர்

இந்தப் படிக்குத்தான் கூடுதல் காலம் வேண்டும். ஆறு மாதம் ஒதுக்குங்கள்.

1823இலிருந்து கணக்கிட்டால் மலையக மக்கள் இங்கே வந்து 200 வருடம் கடந்துவிட்டது. இன்னமும் எத்தனையோ குடும்பங்கள் ஏழு பேர்ச் காணிக்கு உறுதி கேட்டு அலைந்துகொண்டிருக்கின்றன. அந்த மக்களின் தலைக்கு மேல், சைக்கிள் விளையாட்டுக்கு 30 ஏக்கர் ஒதுக்குகிறோம் என்று அறிவித்தால் கோபம் வரத்தான் செய்யும், அந்தக் கோபம் நியாயமானது. ஆகவே முதல் கூட்டத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: வீடு கட்ட, மரக்கறித் தோட்டம் போட ஏற்ற நிலத்தில் தடம் வராது. சொன்னதைப் படத்தில் கோடு போட்டும் காட்டுங்கள்.

கூட்டத்தைத் தோட்ட அலுவலகத்தில் வைக்காதீர்கள். கோயில் மண்டபமோ வாசிகசாலையோ நல்லது. வேலை நாளில் மாலையில் வைத்தால் பெண்கள் வரமாட்டார்கள், அவர்களுக்கு அப்போதுதான் அடுப்படி வேலை. சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிறு காலை எங்களுக்குச் சரியாக அமைந்தது. பக்கத்தில் சிங்களக் கிராமம் இருந்தால் அவர்களோடு தனியாகவும், இரண்டு ஊரையும் சேர்த்தும் பேசுங்கள். அவர்களின் வயலுக்குப் போகிற வாய்க்கால் உங்கள் மலையிலிருந்துதான் தொடங்கும்.

கேட்க வேண்டிய கேள்விகளில் முக்கியமானவை: பள்ளிக்கூடப் பிள்ளைகள் எந்தக் குறுக்குப் பாதையில் போகிறார்கள்? கொழுந்து நிறுக்க மடுவத்துக்கு (நிறுக்கிற கொட்டகைக்கு) எத்தனை மணிக்கு, எந்த வழியில் இறங்குகிறார்கள்? விறகு எங்கே பொறுக்குகிறார்கள்? மாடு எங்கே மேய்கிறது? மருந்து அடிக்கிற நாள் எப்படித் தெரியும்? எந்த மலை அடுத்து கவ்வாத்துக்கு (தேயிலைச் செடியை வெட்டிக் குறைப்பதற்கு) வருகிறது? கவ்வாத்து முடிந்த மலையில் மாதக்கணக்கில் மண் வெறுமையாகக் கிடக்கும், அதன் மேலே தண்ணீரைத் திருப்பினால் அரிப்புத்தான். இதெல்லாம் கணக்கப்பிள்ளைக்கும் கொழுந்து பறிக்கிற பெண்களுக்கும் விரல் நுனியில் இருக்கிறது.

பிறகு சாமி இருக்கிற இடங்கள். மரத்தடியில் ஒரு கல், ஒரு சூலம், மஞ்சள் துணி. வெளியாளுக்கு அது கண்ணில் படாது. மாடசாமி, முனியாண்டி, கவ்வாத்துச்சாமி என்று ஒவ்வொரு மலைக்கும் ஒருவர் இருப்பார். மாசி மாதத்தில் காமன் கூத்து நடக்கிற பொட்டலை விட்டு விலகிப் போங்கள், கூத்து நாட்களில் மையத்தை மூடுங்கள்.

வருமானத்தைப் பற்றி மழுப்பாமல் பேசுங்கள். எத்தனை பேருக்கு வேலை, என்ன சம்பளம், நுழைவுக் கட்டணத்தில் எத்தனை வீதம் ஊருக்கு, அந்தக் காசை யார் வைத்திருப்பது. எழுதிக் கையெழுத்துப் போட்டு, தமிழிலும் சிங்களத்திலும் பிரதி கொடுங்கள். தேநீர்க்கடையை வெளியாளுக்குக் குத்தகைக்கு விடாதீர்கள். ரொட்டியும் கட்டசம்பலும் சுடுகிற கை ஊரிலேயே இருக்கிறது. லயத்துப் பிள்ளைகளுக்குத் தடம் இலவசம், வாரத்தில் ஒரு நாள் சைக்கிளும் இலவசம். அதில் ஆணுக்கு எத்தனை சைக்கிளோ பெண்ணுக்கும் அத்தனை.

ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பீக்கோ நடைபாதை, பழைய தோட்டப் பாதைகளை நடப்பவர்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. உங்கள் மலை அதற்குப் பக்கத்தில் என்றால், நடக்கிறவர்களும் கீழே இறங்குகிற சைக்கிள்களும் ஒரே வழியில் சந்திக்கவே கூடாது. வழிகள் குறுக்கிடும் இடத்தில் சைக்கிள் ஏற்றத்தில் வந்து நிற்கும்படி தடத்தை அமையுங்கள்.

ஐந்தாம் படி: காடும் குளவியும்

தேயிலைக்கும் காட்டுக்கும் நடுவிலிருக்கிற விளிம்பில் சிறுத்தை நடமாட்டம் உண்டு. பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் சிறுத்தை மாட்டுவது மலையகத்தில் தொடர்ந்து நடக்கிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்தில் மாட்டிய கருஞ்சிறுத்தை சில நாட்களில் இறந்தது. ஓடைக்கரைக் காட்டுத் துண்டுகளைத் தொடாமல் விடுங்கள், மாலை ஐந்து மணிக்கு எல்லாத் தடங்களையும் மூடுங்கள், இரவு ஓட்டம் வேண்டாம். தடத்தில் தினமும் நடக்கிற பராமரிப்பு ஆட்கள் சுருக்கைக் கண்டால் உடனே அறிவிக்கப் பழக்குங்கள். இது மையத்தால் காட்டுக்குக் கிடைக்கக்கூடிய உண்மையான நன்மை.

சிறுத்தையைவிட அடிக்கடி ஆளைத் தாக்குவது குளவி. குளவி கொட்டித் தொழிலாளர்கள் வைத்தியசாலைக்குப் போகிற செய்தி வராத மாதம் குறைவு. கூடு தொங்குகிற மரங்களையும் பாறைகளையும் குறித்து, தடத்தைத் தள்ளிப் போடுங்கள். புதுக் கூடு கண்டால் அந்தப் பகுதியை அன்றே மூட வேண்டும்.

ஊவாப் பக்கம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை பைனஸும் மானாவும் பத்தனைப் புல்லும் எளிதில் தீப்பிடிக்கும். நெருப்பு, சிகரெட் எதுவும் வேண்டாம்.

ஆறாம் படி: கோடு

இப்போதுதான் தடத்தை வரைகிறோம். விலக்க வேண்டிய இடங்களெல்லாம் படத்தில் ஏறிவிட்டன, மிச்சமிருக்கிற வெள்ளை இடத்துக்குள்தான் விளையாட்டு.

முதல் விதி, தடத்தின் சரிவு மலைச் சரிவின் பாதியைத் தாண்டக்கூடாது. மலை 30 சதவீதம் சாய்ந்திருந்தால் தடம் 15ஐத் தாண்டக்கூடாது. தாண்டினால் தண்ணீர் குறுக்கே கடந்து போகாமல் தடத்தின் வழியே ஓடத் தொடங்கும், தடம் கானாகும். எங்கள் முதல் தடம் அழிந்தது இதனால்தான். இரண்டாம் விதி, தடத்தின் சராசரிச் சரிவு 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இங்கத்தைய மழைக்கு நான் 7, 8க்கு மேல் போகமாட்டேன். கணக்கு எளிது: 160 மீற்றர் உயரத்தை 8 சதவீதத்தில் இறங்க 2 கிலோமீற்றர் தடம் வேண்டும். நீளம் போதாது என்றால் உயரத்தைக் குறையுங்கள், சரிவைக் கூட்டாதீர்கள்.

மூன்றாவது விதியை நான் மிகவும் நம்புகிறேன். ஒவ்வொரு 10, 15 மீற்றருக்கும் ஒருமுறை, இறங்குகிற தடம் கொஞ்சம் ஏறித் திரும்ப இறங்க வேண்டும். அந்தப் பள்ளத்தில் தண்ணீர் தடத்தை விட்டு வெளியேறிவிடும். ஓட்டுகிறவருக்கு அது அலைபோல ஒரு சுகம், மண்ணுக்கு அது பாதுகாப்பு. கூடவே தடத்தின் மேற்பரப்பு மலையின் கீழ்ப் பக்கமாக 5 சதவீதம் சாய்ந்திருக்க வேண்டும்.

அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. கைபேசிச் சரிவுமானியே போதும், மேசன் பாஸ் வைத்திருக்கிற தண்ணீர் டியூப் இன்னும் நம்பகமானது. சின்னக் கொடிகளை நட்டு, அதே கோட்டை மூன்று தடவை நடந்து திருத்துங்கள். அதில் ஒரு தடவை மழையில்.

நிறக் குறிகளில் பச்சை தொடக்கக்காரருக்கு, நீலம் நடுத்தரம், சிவப்பு கடினம், கறுப்பு மிகக் கடினம். முதல் வருடத்துக்கு 3 கிலோமீற்றர் பச்சையும் 5 கிலோமீற்றர் நீலமும் போதும். ஏறுவதற்குத் தனித் தடம் வேண்டும்.

ஏழாம் படி: வெட்டுவது

கைவேலைதான் சரி. பெக்கோ இயந்திரத்தை ஏற்றினால் அது போகிற வழியே ஒரு காயம். தடத்தின் முழு அகலத்தையும் மலைக்குள் வெட்டி எடுங்கள். வெட்டிய மண்ணை விளிம்பில் குவித்து அகலம் காட்டினால் அடுத்த மழையில் அது கீழ் லயத்துக்குப் போகும். அகலம் 60 முதல் 90 சென்றிமீற்றர். புல்லோடு வருகிற மேல்மண்ணைத் தனியாக எடுத்து வைத்து, வெட்டிய சுவரில் திரும்பப் பதியுங்கள். மிச்ச மண்ணை மெல்லிசாகப் பரப்புங்கள். கானுக்குள் ஒரு கூடை மண்கூட விழக்கூடாது. கானைக் கடக்கப் பலகையோ கல்லோ போடுங்கள், மூடாதீர்கள். ஓடையைக் கடந்தே ஆக வேண்டுமென்றால் நேர்குறுக்காக, கல் பதித்து, ஒரே இடத்தில்.

ஆளுக்கு ஒரு நாளில் 5 மீற்றர், மண் லேசாக இருந்தால் 10 மீற்றர் என்று கணக்கு வையுங்கள். தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்கிறவருக்குக் கிடைக்கிற நாட்சம்பளத்துக்குக் குறையாமல் கொடுங்கள். கான் வெட்டிப் பழகியவர்தான் மேற்பார்வை செய்ய வேண்டும். எந்த வெளிநாட்டு நிபுணர் வந்தாலும் முதல் வாரம் அவர் பின்னால் நடக்கட்டும்.

எட்டாம் படி: மையம்

புதுக் கட்டடம் வேண்டாம். பழைய மடுவம், பூட்டிக் கிடக்கிற களஞ்சியம் எதையாவது திருத்துங்கள். வாகனத் தரிப்பு 20 வண்டிக்கு மேல் வேண்டாம். அது நிறைந்தால் அன்றைக்கு அவ்வளவுதான் என்று வாசலிலேயே சொல்லிவிடலாம். சைக்கிள் கழுவக் கூரைத் தண்ணீரைத் தொட்டியில் சேருங்கள், லயத்துப் பீலியிலிருந்து ஒரு வாளிகூட எடுக்காதீர்கள். கழுவிய அழுக்குத் தண்ணீர் வண்டல் குழிக்குள் போகட்டும். கழிவறைக் குழி ஊற்றுக்கு மேலே வரக்கூடாது.

தடங்களில் 200 மீற்றருக்கு ஒரு இலக்கக் கம்பம் நடுங்கள். யாராவது விழுந்தால் “நீலத் தடம், 14ஆம் கம்பம்” என்று சொன்னால் போதும். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும், ஆனால் தோட்டப் பாதையில் எது வரை வரும் என்பதை முன்கூட்டியே ஓட்டிப் பாருங்கள். அங்கிருந்து மேலே தூக்குப்படுக்கையில் தூக்கப் பழகிய நாலு பேர் ஊரில் இருக்க வேண்டும்.

ஒன்பதாம் படி: திறப்பதும் மூடுவதும்

மையத்து வாசலில் ஒரு மழைமானி வையுங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு முதற்கட்ட எச்சரிக்கை விடுக்கும், 100 தாண்டினால் அடுத்த கட்டம், 150 என்றால் வெளியேறச் சொல்லும். மையம் முதற்கட்டம் வரை காத்திருக்கக்கூடாது. சக்கரத்தின் தடயம் மண்ணில் ஒரு விரற்கடை பதிந்தாலே கயிறு கட்டி மூடுங்கள். பதிவு செய்தவர்களுக்குக் காசைத் திருப்பிக் கொடுங்கள், முணுமுணுப்பு வந்தால் வரட்டும்.

மழை விட்டதும் ஒருவர் மண்வெட்டியோடு முழுத் தடமும் நடக்க வேண்டும்: அடைத்த பள்ளங்களைத் திறக்க, விழுந்த கிளையை இழுத்துப்போட, எந்த இடத்தில் தண்ணீர் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை என்று எழுதிவைக்க. ஒவ்வொரு மாதமும் பீலித் தண்ணீரை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து, திகதி எழுதி, மையத்து ஜன்னலில் வரிசையாக வையுங்கள். தடம் வெட்டுவதற்கு முன் பிடித்த போத்தல் முதலாவதாக இருக்கட்டும்.

மூடிய தடத்தைத் திரும்பத் திறக்கிற முடிவை மைய முகாமையாளரிடம் கொடுக்காதீர்கள். எங்கள் இரண்டாவது தடத்தில் அந்தக் கயிற்றை அவிழ்க்கிற உரிமை கீழ் லயத்துப் பெண்கள் குழுவிடம் இருக்கிறது. காலையில் குடம் நிறைத்துப் பார்த்துவிட்டு அவர்களில் ஒருவர் தொலைபேசியில் சொல்வார். அதற்குப் பிறகுதான் கயிறு அவிழும்.